கிழட்டு நாய்க்கு உருவிவிடும் கடை: சுங்கை சிப்புட்டில் துய்னா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வயசான நாய் இருந்து, காலையில் எழுந்திருக்க அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் துய்னா என்ற சீன முறையில் கையால் உருவிவிடும் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம், கொடுக்கிற காசு வீண் போகாது. பூனை என்றால் வேண்டாம். படுத்துவிட்ட நாயை ஒரே தடவையில் ஓட வைத்துவிடுகிறார்களாம் என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கிளம்புகிறீர்கள் என்றால் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள், அப்படி ஒரு வார்த்தையைக் கடைக்காரர்களே சொல்வதில்லை.

கடை மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெரிய சாலைக்குப் பின்னால், பழைய கடைவீட்டு வரிசையில் இருக்கிறது. நடத்துவது ஒரு சீன அப்பாவும் மகளும். முன்பக்கம் அப்பா, சுளுக்கு, எலும்பு பிசகு பார்க்கும் சின்சே, அதாவது சீன நாட்டு வைத்தியர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் காண்டா கம்பில் வாளி தூக்கித் தோள் போனவர்கள், மழையில் வழுக்கிக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் இவரிடம்தான் வந்து நிற்பார்களாம், அதனால் எழுபதைத் தாண்டிய இந்த மனுசன் நம் தமிழை நம்மைவிடச் சத்தமாகப் பேசுவார். பின் அறையில் மகள். அவர் முறையாகப் படித்துப் பதிவு செய்த மிருக டாக்டர். சுவரில் இரண்டு சான்றிதழ் மாட்டியிருக்கிறார், ஒன்று மிருக வைத்தியப் பட்டம், இன்னொன்று அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் டாக்டர் ஷியே ஹுய்ஷெங் 1998இல் தொடங்கிய பள்ளியில் சீன மிருக வைத்தியம் படித்ததற்கு. சீன வைத்தியத்தைச் சீனர் ஒருவர் அமெரிக்காவில் போய்ப் பள்ளி வைத்துச் சொல்லிக் கொடுக்க, அதை நம் ஊர்ப் பெண் படித்துவந்து தோட்டத்து நாய்க்குச் செய்கிறார், உலகம் எப்படியெல்லாம் சுற்றுகிறது பாருங்கள். கடைப் பெயரை நான் போடவில்லை. விளம்பரம் வேண்டாம், இப்போது வருகிற கூட்டமே கை கொள்ளவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

எங்கள் டைகர் அல்சேஷன் கலப்பு. தோட்டத்து மேனேஜர் பங்களாவில் பிறந்த குட்டி, பதினொரு வயசு முடிந்துவிட்டது. கொஞ்ச காலமாகவே எழுந்திருக்கும்போது முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் இரண்டு மூன்று முறை ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் எழுவான். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராமல் வருசக்கணக்கில் உரசித் தேய்ந்திருக்கிறது, இந்தச் சாதி நாய்களுக்கு இது அடிக்கடி வருவதுதான் என்றார்கள். மெலோக்சிகேம் என்ற வலி மருந்து கொடுத்தார்கள், அது வேலையும் செய்தது. ஆனால் மருந்தை மட்டுமே நம்பி எத்தனை காலம் ஓட்டுவது, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டுமே என்ற கவலையில்தான் இங்கே போனது.

போனதும் உருவிவிட ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். முதல் தடவை பாதி நேரம் பரிசோதனைதான், என்னைக் கேட்டால் இந்தக் கடையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் சோதித்தீர்களா என்று கேட்டார், ஏனென்றால் நம் நாட்டில் உண்ணி கடித்து வரும் காய்ச்சலிலேயே மூட்டு வலித்து நாய் நொண்டும், அதை மூட்டுத் தேய்மானம் என்று எண்ணி உருவிக்கொண்டே இருந்தால் நாய் உள்ளுக்குள் இரத்தம் குறைந்து செத்துப்போகும். சூடு பார்த்தார். நாய்க்கு 38 முதல் 39 டிகிரி சாதாரணம், அதற்கு மேல் போனால் அன்றைக்கு மேலே கை வைக்கவே மாட்டாராம்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார், எனக்கு அது புதுசு. டைகரை நிற்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பின்னங்கால் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி திருப்பி வைத்தார். டைகர் சட்டென்று பாதத்தை எடுத்துச் சரியாக ஊன்றிக்கொண்டான். அடுத்த காலுக்கும் அப்படியே. "நல்லது" என்றார். திருப்பி வைக்காமல் அப்படியே நின்றிருந்தாலோ யோசித்து யோசித்து எடுத்திருந்தாலோ அது மூட்டு இல்லை, தண்டுவட நரம்புக் கோளாறு. வயசான அல்சேஷன்களுக்குத் தண்டுவடம் மெல்ல மெல்ல மங்கிப்போகும் நோய் ஒன்று உண்டு, அதில் வலி இருக்காது, நகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடக்கும், அதற்கு உருவிவிட்டு ஆகப்போவது பெரிதாக ஒன்றுமில்லை என்று அவரே சொன்னார். எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒருவருடைய நாயின் நகத்தைப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் ஈப்போவுக்குப் போகச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். வந்த காசை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் கடையை நான் இந்த ஊரில் அதிகம் பார்த்ததில்லை.

சரி, துய்னாவுக்கு வருவோம். சீன மிருக வைத்தியத்தில் அக்குபங்சர் ஊசி, மூலிகை, சாப்பாட்டு வைத்தியம் என்று பிரிவுகள் இருக்கின்றன, கையால் செய்வது இது. எண்ணெய் கிடையாது. நாய்க்கு உடம்பெல்லாம் முடி, எண்ணெய் போட்டால் கை வழுக்குமே தவிர பிடி கிடைக்காது. தரையில் தடித்த பாய் விரித்து, டாக்டர் நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். மேசைமேல் தூக்கி வைப்பதில்லை. முதல் சில நிமிடம் ஒன்றுமே செய்வதில்லை போலத்தான் தெரியும், உள்ளங்கையைக் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போகிறார், தோலுக்கு அடியில் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே கட்டி நிற்கிறது என்று பார்ப்பதற்கு. அதற்குப் பிறகு கட்டைவிரலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே கீழே இறங்குகிறார். எலும்பின் மேல் ஒரு தடவைகூட விரல் படவில்லை, எலும்புக்குப் பக்கத்தில் ஓடும் சதையில் மட்டும். இந்தக் கோட்டில்தான் அவர்கள் கணக்கில் மூத்திரப்பைக்கான நாடி, அதாவது சக்தி போகும் பாதை, ஓடுகிறதாம். சிறுநீரகத்துக்கு உரிய புள்ளி இடுப்புக்குச் சற்று முன்னால் வருகிறது, பின்னங்கால் பலவீனத்துக்கு அதை முக்கியமாகப் பிடிக்கிறார்கள். முதுகெலும்பு முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் இடத்தில், நடுவில், ஒரு பள்ளம் இருக்கிறது, உங்கள் நாயைத் தடவிப் பாருங்கள், விரல் தானாகவே போய் அங்கே உட்காரும். அதற்கு பாய்ஹூய் என்று பெயர். அங்கே டாக்டர் கட்டைவிரலை வைத்து, அழுத்தி, விடாமல் அப்படியே இருந்தார். டைகர் முதலில் திரும்பி அவர் கையை ஒரு பார்வை பார்த்தான், அப்புறம் வாயை நக்கிக்கொண்டான், அப்புறம் ஒரு கொட்டாவி, கொஞ்ச நேரத்தில் தாடையைப் பாயில் வைத்துவிட்டான். அந்தத் தாடைக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். நாய் உடம்பை விட்டுக் கொடுத்தபிறகுதான் இடுப்பு மூட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கிற புள்ளிகளுக்குப் போகிறார், அதற்கு முன் போவதே இல்லை.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் தோள்தான். இடுப்பு வலி என்று கூட்டிப்போனால், இருந்த நேரத்தில் பாதிக்கு மேல் அவர் தோளையும் கழுத்தையும்தான் பிடித்தார். அம்மா பொறுக்க முடியாமல் என் காதில், "வலி பின்னால இருக்கு, இந்தப் பொண்ணு முன்னால புடிக்குதே" என்றார். டாக்டருக்குத் தமிழ் புரியும் என்பதை அம்மா மறந்துவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே மலாயும் தமிழும் கலந்து விளக்கம் சொன்னார். நல்லா இருக்கிற நாயே உடம்புப் பாரத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை முன்னங்காலில்தான் தாங்குகிறது. பின்பக்கம் வலித்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்ளும். வருசக்கணக்கில் இப்படி நின்றால் தோள்சதை கல்லாகிவிடும், நாம் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருப்போம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து டைகரின் தோள்பட்டைக்குப் பின்னால் வைத்தார். உண்மையிலேயே இறுகிப்போய், முடிச்சு மாதிரி ஒன்று விரலுக்கு அடியில் நகர்ந்தது. அதை அவர் பிடித்து, மெல்லத் தூக்கி, விட்டு, மறுபடி பிடித்து, ஒரு பாட்டுக்குத் தாளம் போடுகிறவர் மாதிரி ஒரே சீராகச் செய்துகொண்டிருந்தார். கடைசியில் வால் பக்கத்திலிருந்து கழுத்து வரைக்கும் முதுகுத் தோலை இரண்டு கை விரலாலும் கிள்ளித் தூக்கி உருட்டிக்கொண்டே மேலே போனார். சீனர்கள் சாப்பிடாத பிள்ளைகளுக்கு முதுகில் இதைச் செய்வார்களாம். நாய்க்குத் தோல் தளர்வாக இருப்பதால் சுலபமாக வருகிறது. இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் மட்டும் தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு தூக்க வரவில்லை, அங்கே நிறுத்தி, மறுபடி உள்ளங்கையை வைத்துச் சூடு கொடுத்துவிட்டு அப்புறம்தான் தொடர்ந்தார்.

தத்துவம் என்று எடுத்தால் அவர்கள் பாஷையில் காற்று, குளிர், ஈரம் மூன்றும் மூட்டுக்குள் புகுந்து அடைத்துக்கொள்வதால்தான் வலி, ஓட்டம் இருந்தால் வலி இல்லை, அடைத்தால் வலி. நாடி, சக்தி, புள்ளி இதையெல்லாம் நான் அப்படியே நம்பிவிடவில்லை, டாக்டரும் நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. சதை இளகுகிறது, அந்த இடத்துக்கு இரத்தம் ஓடுகிறது, நாய் பயம் விட்டுப் படுக்கிறது, இவ்வளவையும் கண்ணால் பார்க்கலாம், எனக்கு அது போதும். ஒரு விசயம் மட்டும் சொல்ல வேண்டும், இது நேற்றைக்குச் செல்ல நாய்க்காரர்களிடம் காசு பிடுங்கக் கிளப்பிவிட்ட சரக்கு இல்லை. சீனாவில் மிருக வைத்தியம் என்றால் முதலில் குதிரைதான், போருக்கும் தபாலுக்கும் குதிரை வேண்டும், அதன் கால் போனால் எல்லாமே போச்சு. மிங் ராஜாக்கள் காலத்தில், 1608இல், யூ என்ற அண்ணன் தம்பி இருவர் குதிரைக்கும் மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வைத்தியம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாய், பூனையெல்லாம் இந்தக் காலத்தில் வந்து சேர்ந்தவை. டாக்டரும் ஆரம்பத்தில் பந்தயக் குதிரைகளுக்குத்தான் செய்தாராம், குதிரை முதுகில் அழுத்துவதற்கு முழங்கையைப் பயன்படுத்துவார்களாம், நாய்க்கு விரல் போதும்.

எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்தில் மாடு நொண்டினால் என்ன செய்வார்கள் தெரியுமா, இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போடுவார்கள். மாட்டின் தொடையில் அந்தத் தழும்பு சாகும்வரைக்கும் இருக்கும். எங்கள் அப்பா டைகரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்த மாட்டுக்கெல்லாம் இப்படி ஒரு ஆள் கிடைச்சிருக்கக் கூடாதா" என்று சொன்னார். சின்சே அதைக் கேட்டுவிட்டு முன்பக்கத்திலிருந்து, "அண்ணே, மாடு கொண்டு வா, என் பொண்ணு பாக்கும், ஆனா வாசல் சின்னது!" என்று கத்தினார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முதல் தடவை போய் வந்த அன்று டைகர் சாயங்காலம் வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான், அவ்வளவுதான், மறுநாள் காலை வழக்கம்போலத்தான் எழுந்தான். வாரத்துக்கு ஒரு தடவை என்று சில வாரம் தொடர்ந்த பிறகு வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலான நாள் ஒரே மூச்சில் எழுந்துவிடுகிறான். வாசல் படியில் நின்று யோசிப்பதில்லை. தபால்காரர் மோட்டாரைக் கேட்டால் கேட் வரைக்கும் போய்க் குரைத்துவிட்டு வருகிறான், இடையில் அதை விட்டிருந்தான். காரில் தானாக ஏறுவதில்லை, இனிமேல் ஏறவும் மாட்டான், மூட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான். இந்த முன்னேற்றம் முழுக்க உருவிவிட்டதால் வந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஏனென்றால் அதே சமயத்தில் வலி மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது, எடையும் குறைந்தது. எடை விசயத்தில் டாக்டர் கறாராக இருந்தார். கொழுத்த நாய்க்கு உடம்பு எடையில் ஆறேழு சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறையும், என் கை ஒரு பக்கம் அமுக்க, உங்கள் ரொட்டி சானாய் ஒரு பக்கம் ஏற்றினால் என்ன பிரயோசனம் என்று அப்பாவைப் பார்த்தே கேட்டுவிட்டார். தினமும் காலையில் கடையிலிருந்து டைகருக்கென்று தனியாக ஒரு ரொட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் அவர்தான். இப்போது பாதி ரொட்டி. அதுகூட யாருக்கும் தெரியாமல் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சிமெண்டுத் தரையில் படுக்க விடாதீர்கள், வழுக்காத ரப்பர் பாய் போடுங்கள் என்றும் சொன்னார். ஒரு காலத்தில் பாதி உலகத்துக்கு ரப்பர் அனுப்பிய ஊர்ப்பக்கத்தில் ஒரு ரப்பர் பாய் வாங்குவதற்குக் கடை கடையாக ஏறி இறங்கியது தனிக் கதை, கடைசியில் ஆன்லைனில்தான் கிடைத்தது.

இதற்கு முன்னால் வேறொரு ஊரில் செல்லப் பிராணிகளுக்கான ஒரு ஆடம்பரக் கடையில் மசாஜ் என்று போய்ச் சூடுபட்டுத் திரும்பினோம். பெயர் வேண்டாம். போனவுடனே பத்து தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், எக்ஸ்ரே இருக்கிறதா, மருந்து சாப்பிடுகிறதா, ஒரு கேள்வி இல்லை. வாசனை எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு நேராக இடுப்பில் அழுத்த, டைகர் உறும, வாயில் கட்டுப் போடலாமா என்று கேட்டார்கள். அந்த எண்ணெயில் டீ ட்ரீ எண்ணெய் கலந்திருந்தது, நாய்க்கும் பூனைக்கும் அது விசம், தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் இன்னும் ஆபத்து. நான் அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவிக் கூட்டி வந்துவிட்டேன். உறுமுகிற நாய் வலிக்கிறது என்று சொல்கிறது, வாயைக் கட்டிவிட்டால் அதைச் சொல்ல வழி ஏது. சின்சே மகளிடம் இதைச் சொன்னபோது அவர் கடையைத் திட்டவில்லை, எண்ணெய்ப் பாட்டிலில் எழுதியிருந்ததை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது, வேலையை நமக்கும் கற்றுக் கொடுத்துவிடுகிறார். எப்போதும் என்னிடமே வா என்ற எண்ணம் இல்லை. கட்டைவிரல் எங்கே, எவ்வளவு அழுத்தம் என்பதை முதலில் நம் முன்கையிலேயே அழுத்திக் காட்டுகிறார், நம் கண்ணிமையில் தாங்கக்கூடிய அழுத்தத்தில் தொடங்கச் சொல்கிறார். நாய் சாப்பிட்டவுடனே செய்யக்கூடாது. காய்ச்சல், புண், தோல் சொறி, புதுசாக ஏதாவது கட்டி, சினை, எலும்பு முறிவு, திடீரென்று பின்னங்கால் இழுத்துக்கொண்டது, இதில் எது இருந்தாலும் கை வைக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். டாக்ஸண்ட் மாதிரி நீள முதுகு நாய்க்கு முதுகுத் தட்டு பிதுங்கியிருக்கும்போது அமுக்கினால் நடக்கிற நாயும் நடக்காமல் போகும். வீட்டில் பனடோல் (பாராசிட்டமால்), இபுப்ரூபன் இருக்கிறதே என்று கொடுக்கும் ஆட்களையும் ஒரு பிடி பிடித்தார். முந்தினது பூனையைக் கொன்றேவிடும், பிந்தினது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இப்போது வீட்டில் அம்மாதான் செய்கிறார். சாயங்காலம் நாடகம் ஓடும்போது டைகர் தானாகவே வந்து அவர் காலடியில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறான். விளம்பரம் வந்தால் கை நின்றுவிடும், உடனே மூக்கால் முட்டுவான். அதனால் கடைக்குப் போவதை மாதம் ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டோம், அதையும் டாக்டரேதான் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. வாட்சப்பில் கேட்டால் பதில் வர இரண்டு நாள் ஆகும், சனிக்கிழமை என்றால் மறந்துவிடுங்கள். காத்திருக்க இருப்பது கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் போட்ட ஒரே ஒரு பெஞ்சு, அதில் கை சுளுக்கிய மனுசரும் கால் சுளுக்கிய நாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நாய் என்றால் ஆகாத நம் முஸ்லிம் அண்டை வீட்டுக்காரர்களும் சின்சேயிடம் வருகிறார்கள், அவர்களுக்கு இது சங்கடம்தான், பின்வாசல் வழியாக நாயைக் கொண்டுவர ஏற்பாடு செய்தால் எல்லோருக்கும் நல்லது. இதைச் சொல்லியிருக்கிறேன், பின் சந்தில் கால்வாய் மூடியைச் சரிசெய்தவுடன் செய்கிறோம் என்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் வழவழப்பான டைல்ஸ், பாய் வரைக்கும் போவதற்குள் பின்னங்கால் பலம் இல்லாத நாய் இரண்டு தடவை வழுக்கும். மூட்டு வைத்தியம் பார்க்கிற இடத்தில் இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்று புரியவில்லை. சின்சே முன்னால் மாசிபத்திரி மாதிரி ஒரு இலையைச் சுருட்டிக் கொளுத்துவார், அந்தப் புகை பின் அறைக்கும் வரும், டைகர் தும்முவான். ரசீது கேட்டால்தான் கொடுப்பார்கள்.

விலை, முதல் தடவை பரிசோதனையோடு 90 வெள்ளி (ரிங்கிட்), அடுத்தடுத்து 60. நேரம் அரை மணி, சிலசமயம் கூடும், அதற்குத் தனியாகக் கேட்பதில்லை. ஊசி சேர்த்துக்கொண்டால் இன்னும் அதிகம், நாங்கள் ஊசிக்குப் போகவில்லை. ஈப்போவில் இதைச் செய்கிற இடங்களோடு பார்த்தால் மலிவு, ஆனால் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு 60 வெள்ளி சும்மா இல்லை, அதனால்தான் கற்றுக் கொடுத்து அனுப்புவதை நான் பெரிதாகச் சொல்கிறேன். ஒரு தடவை பரிசோதனை, இரண்டு மூன்று தடவை உருவிவிட்டது, அப்புறம் வீட்டிலேயே கை வைத்தியம், இப்படிச் செய்தால் தாங்கும்.

பூனை விசயம். தங்கச்சி தன் பூனையைக் கொண்டுபோனாள். வெளியே நாய் வாடை, உள்ளே புகை வாடை, கூடையைத் திறந்ததும் அலமாரிக்கு அடியில் போனது, கடைசிவரைக்கும் வெளியே வரவில்லை. டாக்டர் பாதிக் காசுதான் வாங்கினார். பூனைக்கு வீட்டுக்கு வந்து செய்ய முடியுமா என்று கேட்டால் இப்போதைக்கு இல்லை.

போகிறவர்களுக்கு: எக்ஸ்ரே, இரத்தச் சோதனைத் தாள், சாப்பிடுகிற மருந்தின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் முதலில் அதைத்தான் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், ஒண்ணுக்குப் போக விட்டுக் கூட்டிப் போங்கள். வழுக்காமல் இருக்க வீட்டுக் கால்மிதி ஒன்றைக் கையில் கொண்டுபோய் டைல்ஸ்மேல் போட்டுக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். காலை ஒன்பது மணிக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், பத்துக்கு மேல் பாசார் கூட்டம். ஞாயிறும் செவ்வாயும் கடை கிடையாது, சீனப் பெருநாளுக்கு ரொம்ப நாள் மூடிவிடுவார்கள், தீபாவளிக்கு மட்டும் திறந்திருக்கும்.